வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 தேர்வு: இலக்கை வகுப்பதும் ஓராண்டு தளராமல் படிப்பதும்

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை நான்காவது மாதத்தில் நின்றுபோனது; இரண்டாவது முறை தேர்வு நாள் வரை சென்றது. அதன்பின் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், புதிதாகப் படிக்க வருபவர்களோடு ஞாயிறுதோறும் அமர்ந்து வருகிறேன். நான் பார்த்தவரை, நடுவில் விடுபவர்கள் பாடம் கடினமாக இருந்ததால் விடுவதில்லை. படிகளை வரிசை மாற்றிச் செய்ததால் விடுகிறார்கள். முதலில் அட்டவணை, அடுத்து கட்டுக்கட்டாகப் புத்தகம், அடுத்து டெஸ்ட் பேட்ச் (பணம் கட்டிச் சேரும் பயிற்சித் தேர்வு வரிசை), கடைசியில் முந்தைய வினாத்தாள் என்று போகிறார்கள். சரியான வரிசை ஏறக்குறைய இதன் தலைகீழ்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து நடப்புப் பாடத்திட்டம், ஆண்டுத் திட்ட அட்டவணை, கடந்த தேர்வுகளின் வினாத்தாள்கள் மூன்று (விடைக்குறிப்புடன்) ஆகியவற்றை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. பழைய கைடு ஒன்றை நம்பித் தொடங்குபவர், இனிக் கேட்கப்படாத பகுதிக்கு மாதங்களைச் செலவிட நேரும்.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் வேண்டும். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும். பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். இவற்றுடன் 200 பக்க நோட்டு ஒன்று, கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் ஒன்று, ஒரு கடிகாரம். டெஸ்ட் பேட்ச் கட்டணம் இப்போது கட்ட வேண்டாம். பணம் கட்டிய நாளில் பாதி வேலை முடிந்துவிட்டதைப் போன்ற நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

தேர்வின் அமைப்பு மனத்தில் இருக்கட்டும். 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100 வினா, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்றப் பகுதி திருத்தப்படாது. நேர்முகத் தேர்வு கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை.

1. படிப்பதற்கு முன்பே ஒரு வினாத்தாளை எழுதுங்கள்

ஒரு ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை, முந்தைய வினாத்தாள் ஒன்றை முழுமையாக எழுதுங்கள். இதைச் சொன்னதும் புதியவர் ஒவ்வொருவரும் தயங்குவார்: “கொஞ்சம் படித்துவிட்டு எழுதுகிறேன்” என்பார். அந்தக் கொஞ்சம் எட்டு மாதம் ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிது. இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்கிட முடியாது. அதைவிட முக்கியமான காரணம், எங்கே படிக்கத் தேவையில்லை என்பதை இந்தத் தாள் காட்டிவிடும். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர் தமிழில் பாதிக்கு மேல் எடுத்துவிடுவதும் கணக்கில் திணறுவதும் வழக்கம். ஆனால் அவரே தமிழ் பிடிக்கும் என்பதற்காகத் தமிழையே படித்துக்கொண்டிருப்பார்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் குறித்தால் பயனில்லை. மூன்று பகுதிகளையும் தனித்தனியே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: தமிழ் 55, பொது அறிவு 22, கணக்கு 9, மொத்தம் 86 சரியான விடைகள். இந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஐந்தாவது மாதத்தில் இது தேவைப்படும்.

2. ஒரு வாரம் படிக்காமல், நேரத்தை மட்டும் எழுதுங்கள்

அடுத்த ஏழு நாள்களும் எதையும் மாற்றாமல், எழுந்தது முதல் உறங்கும் வரை நேரம் எங்கே போகிறது என்பதை அரைமணி நேரக் கட்டங்களாக எழுதுங்கள். பேருந்தில் எவ்வளவு, சமையலறையில் எவ்வளவு, கைப்பேசியில் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். “தினமும் ஐந்து மணி நேரம்” என்று அட்டவணை போடுபவர், தன் நாளைப் பார்த்துப் போடுவதில்லை. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படித்த ஒருவரின் காணொளியைப் பார்த்துப் போடுகிறார்.

வாரத்தின் முடிவில் உண்மையாகக் கிடைக்கக்கூடிய நேரத்தைக் கூட்டுங்கள். வேலை நாள் ஆறிலும் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம் என்றால் வாரத்துக்கு 14 மணி. இதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது ஏறத்தாழ 9 மணியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கழிவு அவநம்பிக்கையால் வருவதன்று. நாம் அனைவரும் நம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கனடா நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கெட்டுப்போனாலும் 49 நாளில் முடிந்துவிடும் என்று அவர்கள் சொன்ன மதிப்பீட்டையும் அது தாண்டியது. உறவினர் வருகை, காய்ச்சல், மின்தடை, மேலாளர் நிறுத்திவைக்கும் மாலை ஆகியவை கழிக்கப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் அடங்க வேண்டும்.

3. இலக்கை மூன்று வரிகளாக எழுதுங்கள்

“இந்த முறை எப்படியும் வேலை வாங்கிவிட வேண்டும்” என்பது ஆசை. அது தவறில்லை, ஆனால் அதை வைத்து நாளைக் காலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே நோட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகள் எழுத வேண்டும்.

முதல் வரி, விளைவு: எந்தப் பதவி, எந்த ஆண்டுத் தேர்வு. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் என ஒரே தேர்வில் பல பதவிகள் உள்ளன. தட்டச்சுச் சான்றிதழ் தேவைப்படும் பதவியை விரும்புபவர் அதற்கான காலத்தையும் இப்போதே ஒதுக்க வேண்டும். இந்த வரி உங்கள் கையில் முழுமையாக இல்லை. காலியிடம், போட்டியாளர் எண்ணிக்கை, வினாத்தாளின் கடினம் ஆகியவற்றால் கட்-ஆஃப், அதாவது வேலை கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், மாறும்.

இரண்டாம் வரி, மதிப்பெண்: பகுதிவாரியாக எத்தனை சரியான விடை. மேலே சொன்ன 86ஐ வைத்துக்கொண்டால், தமிழ் 90, பொது அறிவு 54, கணக்கு 21, மொத்தம் 165 என்று எழுதலாம். அது 247.5 மதிப்பெண். இந்த வரி பாதி உங்கள் கையில் உள்ளது.

மூன்றாம் வரி, செயல்: வாரத்துக்கு 9 மணி நேரம், தினமும் 15 நிமிடம் கணக்கு, ஞாயிறு ஒரு சோதனை. இது மட்டுமே முழுவதும் உங்கள் கையில் உள்ளது. எனவே ஒவ்வொரு நாளும் உங்களை நீங்கள் அளந்துகொள்வது இந்த மூன்றாம் வரியால் மட்டுமாக இருக்கட்டும். முதல் வரியால் தினமும் தன்னை அளப்பவர், ஓராண்டு முழுவதும் தினமும் தோற்றவராகவே உறங்கப் போவார். அப்படி முந்நூறு இரவு உறங்கியவரிடம் ஊக்கம் எங்கிருந்து வரும்?

4. பாடத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

ஆண்டுத் திட்ட அட்டவணையில் தேர்வு மாதத்தைப் பார்த்து, இன்றிலிருந்து எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கு ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தது. தேர்வு ஜூலை 12. இடையில் 78 நாள்கள். வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரம் 9 மணி என்றால், அந்தக் காலத்தில் கிடைப்பது 100 மணி நேரம்தான்.

40 வாரம் இருப்பதாகக் கொள்வோம். 40 வாரம், வாரம் 9 மணி என்றால் 360 மணி. இதைப் பிரியுங்கள்: தமிழ் 110, பொது அறிவு 150, கணக்கு 60, முழுத் தேர்வு எழுதிப் பார்க்க 40. ஒரு முழுத் தேர்வுக்கு எழுத 3 மணி, திருத்திப் பார்க்க 2 மணி என்பதால், 40 மணியில் எட்டுத் தாள்கள் எழுதலாம். பிறகு ஒவ்வொரு பாடநூலின் இயல்களையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி என்று வகுத்துவிடுங்கள். இங்கேதான் உண்மை தெரியவரும்: எல்லாவற்றையும் படிக்க 360 மணி போதாது. எதை விடுவது என்பதை இப்போதே, முதல் படியில் எழுதிய தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடைசி மாதத்தில் பதற்றத்தில் விடுவதும் இப்போது கணக்குப் பார்த்து விடுவதும் ஒன்றல்ல.

வரிசையைப் பற்றி ஒரு சொல். கணக்கை “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடுபவர்கள் மிகுதி. 60 மணியைக் கடைசி ஒரு மாதத்தில் திணிக்க முடியாது. ஆனால் நாளுக்கு 15 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள் என்று பிரித்தால் 40 வாரத்தில் அதே 60 மணி வந்துவிடும். விகிதம், சதவீதம், தனிவட்டி, வேலையும் நேரமும் போன்றவை கை பழக வேண்டிய பகுதிகள். பொது அறிவிலோ ஒரே நேரத்தில் ஒரு பாடத்தை மட்டும் எடுத்து முடிப்பது நல்லது.

5. படிப்புக்கு நாளில் ஓர் இடம் கொடுங்கள்

“நேரம் கிடைக்கும்போது படிப்பேன்” என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் பின்னால் படிப்பைக் கட்டிவிட வேண்டும்: “காலைத் தேநீர்க் குவளையைக் கழுவி வைத்ததும் மேசையில் அமர்ந்து ஐந்து கணக்கு போடுவேன்.” இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர்கள், வெறுமனே உறுதி எடுத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டிய சுமை இதனால் இல்லாமல் போகிறது.

இதனுடன் ஒரு குறைந்தபட்ச அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். மிக மோசமான நாளிலும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். பத்து வினா, அவ்வளவே. இரவு பதினொரு மணிக்குக் களைத்து வந்தாலும் பத்து வினாவைப் பார்த்துவிடலாம். அந்தப் பத்து வினாவால் மதிப்பெண் கூடப்போவதில்லை. நாளை அமர்வது எளிதாகும், அதற்காகத்தான். புதியவர்கள் இந்த அளவை ஐம்பது என்று வைத்துவிட்டு, செய்ய முடியாத முதல் நாளிலேயே முழுவதையும் விட்டுவிடுகிறார்கள்.

6. தடைகளை முதல் நாள் இரவே அகற்றுங்கள்

நாளை படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து, அதன் மேல் பேனாவை வைத்துவிட்டு உறங்குங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். எழுப்பும் மணிக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குவது, நான் இந்தத் தேர்வுக்காகச் செய்த செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது.

டெலிகிராம் குழுக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தம்பி தன் கைப்பேசியில் பதினேழு குழுக்கள் வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான பிடிஎஃப்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் முடித்திருக்கவில்லை. சேர்ப்பது படிப்பதைப் போன்ற நிறைவைத் தந்துவிடுகிறது. காலையில் பார்க்கும் உற்சாகப் பேச்சுக் காணொளிகளும் அப்படித்தான். பாடநூல், ஒரு வினாத்தொகுப்பு, தேர்வாணையத்தின் அறிவிப்பு வரும் ஒரு வழி ஆகிய மூன்று போதும்.

வீட்டாரிடம் “நான் படிக்கிறேன்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “காலை ஐந்தரை முதல் ஏழு வரை என்னைக் கூப்பிட வேண்டாம்” என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பிட்ட கோரிக்கையை வீட்டார் மதிக்கிறார்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இது எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறிவேன். எங்கள் நூலகத்துக்கு வரும் அக்கா ஒருவர், பிள்ளைகள் டியூஷனில் இருக்கும் ஒரு மணி நேரத்தை அந்த டியூஷன் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து படித்துச் சேர்த்தார்.

7. வாசிப்பதோடு நிறுத்தாமல் மூடிவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்

ஒரே பாடத்தை நான்கு முறை வாசிப்பதைவிட, ஒரு முறை வாசித்து, நூலை மூடி, நினைவிலிருப்பதை எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிற்கும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட சோதனையில், வாசித்து முடித்த ஐந்து நிமிடத்தில் மீண்டும் மீண்டும் வாசித்தவர்களே மேலாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் மேலாக இருந்தார்கள். திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததைப் போலத் தோன்றுவதுதான் ஏமாற்று.

ஞாயிறு மாலை அரைமணி நேரம் கணக்கு முடிக்க வேண்டும். நோட்டில் நான்கே பதிவுகள்: இந்த வாரம் எத்தனை மணி, எத்தனை இயல், சோதனையில் பகுதிவாரியாக எத்தனை, தவறிய வினாக்களில் தெரியாதவை எத்தனை, தெரிந்தும் தவறியவை எத்தனை. கடைசிப் பிரிவைப் பலர் எழுதுவதில்லை. தெரியாததற்கு மருந்து படிப்பு; தெரிந்தும் தவறியதற்கு மருந்து வினாவை நிதானமாக வாசிப்பது. இரண்டையும் கலந்துவிட்டால், வாசிப்புப் பிழைக்குப் போய் மீண்டும் ஒரு புத்தகம் வாங்குவோம்.

8. ஊக்கம் வடியும் இடங்களை முன்பே குறித்துவையுங்கள்

ஊக்கம் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. சில குறிப்பிட்ட இடங்களில் சட்டென்று வடிகிறது. அவை ஏறத்தாழ எல்லோருக்கும் பொதுவானவை.

முதலாவது, மூன்றாவது வாரம். புதுமை தீர்ந்திருக்கும், பலன் எதுவும் தெரிந்திருக்காது. இந்த வாரத்தில்தான் புதியவர்கள் அட்டவணையை மாற்றி எழுதுகிறார்கள், வேறு கைடு வாங்குகிறார்கள். ஆறாவது வாரம் வரை எதையும் மாற்றக் கூடாது என்று இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

இரண்டாவது, முதல் மாடல் டெஸ்ட். இரண்டு மாதம் படித்த பிறகும் மதிப்பெண் ஏறாது, சிலருக்கு இறங்கும். படிக்காதபோது துணிந்து ஊகித்த விடைகளில் பல பொருந்தியிருக்கும்; அரைகுறையாகப் படித்த பிறகு இரண்டு விடைகள் சரிபோலத் தெரிந்து தடுமாறுவோம். எனவே மொத்தத்தைப் பார்க்காமல், இதுவரை படித்து முடித்த இயல்களிலிருந்து வந்த வினாக்களை மட்டும் தனியே எண்ணுங்கள். அதில் பத்துக்கு ஏழு சரி என்றால் வழி சரியாகவே இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் தொழிலின் நெருக்கடிக் காலம். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும், கணக்கு எழுதுபவருக்கு மார்ச் மாதமும், எல்லோருக்கும் வீட்டுத் திருமணங்களும் உள்ளன. இவை திடீரென வருபவை அல்ல. காலண்டரில் அந்த வாரங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அங்கே குறைந்தபட்சப் பத்து வினாவை மட்டும் எழுதுங்கள். திட்டமிட்டுக் குறைத்தால் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறோம். குறைக்காமல் தவறினால் தோற்றுவிட்டதாக எண்ணி விலகுகிறோம். முதல் முறை நான் விலகியது அப்படிப்பட்ட ஒரு மார்ச் மாதத்தில்தான்.

நான்காவது, உடன் படித்தவருக்கு வேலை கிடைக்கும் நாள். வாழ்த்திவிட்டு, அன்று படிக்காமல் இருந்துவிடுங்கள், படித்தாலும் ஏறாது. மறுநாள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய தாளைப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.

குழுவைவிட ஒரே ஒரு துணை பயன் தரும். தினமும் இரவு அவருக்கு ஓர் எண் மட்டும் அனுப்புங்கள்: இன்று எத்தனை மணி. காரணம், விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டாம். பூச்சியம் என்றாலும் பூச்சியம் என்று அனுப்புவதுதான் ஒப்பந்தம்.

9. விட்டுப்போன நாள்களைத் துரத்த வேண்டாம்

நான்கு நாள் விட்டுப்போனால், ஐந்தாம் நாள் ஐந்து நாள் பாடத்தையும் படிக்க முயல்வார்கள், முடியாது, ஆறாம் நாள் நூலைத் தொட மாட்டார்கள். விட்டதை அப்படியே விட்டுவிட்டு இன்றைய பகுதியிலிருந்து தொடங்குங்கள். கழித்துவைத்த மூன்றில் ஒரு பங்கு நேரம் இதற்காகத்தான் இருக்கிறது. அதிலிருந்து மாத இறுதியில் ஈடுகட்டலாம்.

லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டுவிட்டு, இருபத்திரண்டாம் நாள் தன்னைக் குறைசொல்லிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

10. கடைசி ஆறு வாரமும் அதற்குப் பிறகும்

கடைசி ஆறு வாரத்தில் புதிய பாடம் தொடங்கக் கூடாது. ஒதுக்கிவைத்த எட்டுத் தாள்களில் ஐந்தையாவது இந்தக் காலத்தில், காலை 9.30 மணிக்கே, ஓஎம்ஆர் தாளில் கருமை நிறப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பி எழுதுங்கள். ஒரு வினாவுக்குக் கிடைப்பது 54 விநாடி. வட்டத்தைக் கருமையாக்கும் நேரமும் அதற்குள்தான். வீட்டில் நோட்டில் விடை எழுதிப் பழகியவர்கள் தேர்வறையில் கடைசிப் பதினைந்து வினாக்களை வாசிக்காமலே நிரப்புகிறார்கள்.

தேர்வுக்கு முன்பே இன்னொன்றையும் முடிவு செய்து எழுதிவிட வேண்டும்: எத்தனை முறை முயல்வது, எந்த ஆண்டு வரை, எவ்வளவு பணம் வரை. முடிவு வந்த வருத்தத்திலோ மகிழ்ச்சியிலோ இதைத் தீர்மானித்தால் கணக்கு தவறும். வேலையை விட்டுவிட்டு அடுத்த முறை படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஆம் என்று சொன்னதில்லை. வாரத்துக்கு 9 மணி நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தாதவருக்கு 50 மணி நேரம் கிடைத்தாலும் அதே கதிதான்.

விடைக்குறிப்பு வெளியானதும், பகுதிவாரியாகச் சரியான விடைகளை எண்ணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இன்னொரு முறை எழுத நேர்ந்தால் முதல் படிக்காகத் தனியே ஒரு ஞாயிறு தேவைப்படாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.